தோணி, நண்டு, குதிரை

போன மாதம் ஒரு பின்னேரம், யாழ்ப்பாணத் தீவுப் பகுதிக் கிளினிக்குகளை இப்போது பார்க்கிற இளம் டொக்டர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு ரப், விரலால் தட்டுகிற கொம்பியூட்டர்ப் பலகை. கதிரையில் இருக்க முன்னமே அதைத் திறந்து காட்டத் தொடங்கிவிட்டார்.

"மடம், இப்ப கொப்பியில எழுதுற கரைச்சல் இல்லை. பிள்ளை படத்தைப் பார்த்துப் பேர் சொன்னால் ஒரு தட்டு. நடந்தால் ஒரு தட்டு. எல்லாம் பச்சையாய் வந்தால் பிள்ளை சுகம், அடுத்த ஆளைக் கூப்பிடலாம்."

பிறகு, நான் தொடங்கி வைத்த புத்தகக் கிளினிக்கைப் பற்றிப் புதிதாக வருகிற டொக்டர்மாருக்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார். "சந்தோஷமான கதையாய் இருந்தால் நல்லது மடம்" என்றார்.

ஓம் என்று சொல்லிவிட்டேன். அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பச்சை என்ற சொல் காதுக்குள்ளேயே நின்றது. தம்பி, குறை நினைக்காதேயும். சந்தோஷக் கதைகளும் என்னிடம் இருக்கின்றனதான். ஆனால் ஓய்வு பெற்ற பிறகும் என்னை நெஞ்சிடிக்க வைக்கிற ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் பொய்க்காரி.

நான் படித்ததும் பயிற்சி எடுத்ததும் எல்லாரையும் போலத்தான். நித்திரை இல்லை, நேரத்துக்குச் சாப்பாடு இல்லை, ஏச்சு மட்டும் தாராளம். அதை விடுவோம். எனக்கு மேலே இருந்த குழந்தை வைத்திய நிபுணரை மட்டும் சொல்ல வேண்டும். அவரை நாங்கள் பெரியவர் என்போம். சத்தம் போட்டு ஏசமாட்டார். வாட்டில் ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "பிள்ளை என்ன செய்யுது?" என்று கேட்பார். நீங்கள் இரத்தப் பரிசோதனை றிப்போட்டில் தொடங்கினீர்களோ, அவ்வளவுதான். மணிக்கூட்டைப் பார்ப்பார், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். நீங்கள் விறைத்துப்போய் அந்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. காய்ச்சலோ வயிற்றோட்டமோ, பிள்ளை எதற்கு வந்தாலும் சரி, கடைசியில் யன்னலைச் சாத்தச் சொல்லுவார். கண் பார்க்கிற சின்ன ரோச் கருவியைத் தன் கண்ணோடு வைத்துக்கொண்டு, ஒரு கை நீளத்துக்குத் தள்ளி நின்று பிள்ளையின் முகத்துக்கு வெளிச்சம் பிடிப்பார். இரண்டு கருமணிக்குள்ளும் ஒரே மாதிரிச் சிவப்புத் தெரிய வேண்டும். தெரிந்தால் தலையை ஒருக்கால் ஆட்டுவார். பத்து விநாடி வேலை. மற்றக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதால் நாங்கள் ஒளித்து நின்று, "பெரியவர் கண்ணடிக்கத் துவங்கிட்டார்" என்று சிரிப்போம். அவருடைய காலத்தில் ஒரே ஒரு பிள்ளையில்தான் ஏதோ கண்டுபிடித்தார் என்று கேள்வி. அதற்குப் போய் இவ்வளவு பாடா என்று நினைத்திருக்கிறேன். நினைத்தது நான்தான், மறைக்கவில்லை.

நான் நிபுணராக வந்த பிறகு, மாதம் ஒரு நாள் வேலணை, ஒரு நாள் ஊர்காவற்றுறை, ஒரு நாள் நயினாதீவு, ஒரு நாள் நெடுந்தீவு என்று கிளினிக் வைத்தேன். அங்கே ஒன்று என் கண்ணில் பட்டது. ஊசி போடும்போது பிள்ளை அழுதால் தாய் உடனே போனை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாள். இரண்டு வயதாகியும் ஒரு சொல் வராத பிள்ளைகள் கூடிக்கொண்டு வந்தன. அப்போதுதான் புத்தகம் கொடுக்கிற யோசனை வந்தது. பிள்ளையைத் தொட முன்னம் புத்தகத்தைக் கையில் கொடுக்கிறது, ஒரு நிமிஷம் சும்மா பார்க்கிறது. எப்படிப் பிடிக்கிறது, தாயின் முகத்தைப் பார்க்குதா, விரல் நீட்டுதா, சொல் வருதா. பிறகு புத்தகத்தை வீட்டுக்கே கொடுத்துவிடுகிறது, தாயும் தகப்பனும் ஒவ்வொரு நாளும் காட்டிக் கதைக்க வேண்டும் என்று சொல்லி.

முதலில் வந்தவை வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய புத்தகங்கள். நாரந்தனையிலிருந்து வந்த ஒரு பெடியன் அப்பிளைப் பார்த்துத் தக்காளி என்றான். நயினாதீவில் குருக்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று, பனியில் செய்து நிறுத்திய மனுசப் பொம்மையின் படத்தைக் கண்டதும் இரண்டு கையையும் கூப்பி, "சாமி!" என்றது. வெள்ளையாய் உருண்டையாய் இருந்தால் அதற்கு வேறு என்னவாம்? நானும் குடும்பநல உத்தியோகத்தர் பிலோமினா அக்காவும் வயிறு நோகச் சிரித்தோம். ஆனால் இந்தப் படங்கள் எங்கள் பிள்ளைகளைச் சோதிக்க உதவாது என்று அந்தப் புத்தகங்களைக் கட்டி அலுமாரிக்குள் போட்டுவிட்டேன். நாங்களே ஒன்று செய்தோம். தடித்த மட்டையில் ஆறு பக்கம், ஆறு படம். தோணி, நண்டு, குதிரை, கிணறு, பனங்காய், அம்மா. குதிரை ஏன் என்று நெடுந்தீவாரிடம் கேட்கத் தேவையில்லை, அங்கே அவை வெளியில் திரிகின்றன.

இதற்கும் சண்டை பிடித்தேன். சுகாதாரத் திணைக்களக் கூட்டம் ஒன்றில் ஒரு உத்தியோகத்தர், "பிள்ளையளுக்குக் காய்ச்சல் பாணி மருந்து இல்லையாம், டொக்டர் படப்புத்தகம் கேக்கிறா" என்று சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். "பாணி கேட்டும் நான்தான் கடிதம் போட்டனான். அதுக்கும் நீங்கள் இன்னும் பதில் போடேல்லை" என்றேன். சிரிப்பு நின்றது. புத்தகம் வந்தது. எனக்குத் தலைக்கனமும் கூடவே வந்தது.

நெடுந்தீவில் நாங்கள் கிளினிக் வைத்தது ஒரு முன்பள்ளிக் கட்டடத்தில். குறிகட்டுவான் துறையில் காலைப் படகு ஏறி, ஒரு மணித்தியாலம் கடலில் ஆடி, இறங்கித் தொடங்கினால், பின்னேரப் படகுக்கு முன்னம் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்து முடிக்க வேண்டும். யன்னல்களுக்குக் கதவு இல்லை. அந்தத் தீவின் வெயில் அப்படியே உள்ளே வந்து விழும். கண் பார்க்க இருட்டு வேண்டும். இருட்டாக்குவதென்றால் இரண்டு பேர் படுக்கைச்சீலை பிடிக்க வேண்டும், பிள்ளை அழும், வெளியே நிற்கிற தாய்மார் படகு போய்விடும் என்று கத்துவார்கள். புத்தகத்துக்கு நேரம் வேண்டுமென்று நான் ஒன்றைக் குறைத்தேன், கண் பார்க்கிறதை. படத்தைப் பார்த்துப் பேர் சொல்லுகிற பிள்ளைக்குக் கண்ணில் என்ன வரப்போகிறது என்று நினைத்தேன். கருவி பைக்குள்ளேயே கிடந்தது. அதை விடச் சொல்லி என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை.

ஜெசிந்தா ஒன்பது மாதத்தில் எங்களிடம் புத்தகம் வாங்கியவள். தகப்பன் அந்தோனி கடல் தொழில். தாய் ரெஜினா அமைதியான பெண், கேட்டால்தான் கதைப்பாள். ஒவ்வொரு பின்னேரமும் பிள்ளையை மடியில் வைத்துப் புத்தகம் காட்டுவதாகப் பிலோமினா அக்கா சொல்லியிருந்தா. ஒன்றே முக்கால் வயதில் ஜெசிந்தா தானாகப் பக்கம் புரட்டி, "தோணி, நண்டு, குதிரை, கிணறு, பனங்காய், அம்மா" என்று ஒரே மூச்சில் சொன்னாள். கடைசிச் சொல்லுக்குத் தாயின் கன்னத்தைத் தொட்டாள். எனக்கு வந்த பெருமையைச் சொல்ல ஏலாது. அவளைத் தூக்கி, மற்றத் தாய்மாருக்கு முன்னால், "என்ர கெட்டிக்காரி! இவளைப் போல ஒண்டு இந்தத் தீவிலயே இல்லை" என்றேன். கொழும்பிலிருந்து கிளினிக்கைப் பார்க்க வந்தவர்களுக்கும் அவளைத்தான் காட்டினேன். அவளும் சொன்னாள், அவர்களும் கை தட்டினார்கள்.

ஒவ்வொரு மாதமும் அவள் வந்தாள். ஒவ்வொரு மாதமும் அவளுடைய கொப்பியில் என் கையாலே எழுதினேன். பார்வை நன்று. மொழி மிக நன்று.

அவளுக்கு இரண்டரை வயதாகும்போது நாங்கள் இரண்டாவது புத்தகம் செய்தோம். புதுப் படங்கள். கோழி, சைக்கிள், வலை, மாடு, சூரியன், அப்பா. அன்று சோழகக் காற்று சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது. மணல் யன்னலால் உள்ளே வந்தது. ஜெசிந்தாவின் முறை வந்ததும் புதுப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தேன். அதே அளவு, அதே மட்டை. அவள் விரலால் ஓரத்தைத் தடவினாள், திறந்தாள்.

கோழிப் பக்கத்தில், "தோணி" என்றாள். சைக்கிளுக்கு, "நண்டு." வலைக்கு, "குதிரை."

இருந்த தாய்மார் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "கள்ளி, பாடமாக்கி வைச்சிருக்கிறாய் என்ன?" என்றேன். அவள் நிறுத்தவில்லை. கிணறு, பனங்காய் என்று போய், அப்பாவின் படம் இருந்த பக்கத்தில், "அம்மா" என்று சொல்லித் தாயின் கன்னத்தைத் தேடிக் கையை நீட்டினாள். கை முதலில் காற்றில் போய், பிறகுதான் கன்னத்தில் பட்டது.

அப்போதுதான் ரெஜினாவைப் பார்த்தேன். அவள் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, படுக்கைச்சீலையைப் பிடியுங்கோ. கெதியாய்!" என்றேன். பையின் அடியில் கிடந்த கருவியை எடுத்தேன். பற்றரி இருக்குமோ என்றுகூட நிச்சயமில்லை. இருந்தது. ஒரு கை நீளத்துக்குத் தள்ளி நின்று வெளிச்சம் பிடித்தேன். இடக்கண்ணில் சிவப்புத் தெரிந்தது, ஆனால் ஒரு கரையில் வெள்ளை ஏறியிருந்தது. வலக்கண்ணில் சிவப்பே இல்லை. முழு வெள்ளை, சோகிச் சிப்பியின் உட்பக்கம் போல.

பிள்ளையின் கண்ணுக்குள் வெள்ளை தெரிந்தால் ஒரு டொக்டர் முதலில் பயப்பட வேண்டியது விழித்திரைப் புற்றுநோய்க்கு. அது கண்ணோடு நிற்காது, விட்டால் மூளைக்குப் போகும், பிள்ளையே போய்விடும். வேறு காரணமாகவும் இருக்கலாம்தான். இந்தக் கருவியை வைத்து அதைச் சொல்ல ஏலாது. யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும், உடனே.

அந்த நேரம் பார்த்துத் துறையிலிருந்து ஆள் வந்து, காற்றுக் கூடிப்போச்சு, பின்னேரப் படகு ஓடாது என்று சொன்னார்.

நான் வெளியே போய் எனக்குத் தெரிந்த கண் டொக்டருக்குப் போன் எடுத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர், "நாளைக்குக் கொண்டு வாங்கோ. ஒரு நாளில ஒண்டும் மாறாது. மாதக்கணக்கில விட்டால்தான் பயம்" என்றார். பிறகு, "கடைசியாய் எப்ப பிள்ளையின்ர கண் பார்த்தது?" என்று கேட்டார். காற்று இரைகிறது, கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதுவும் பொய்தான்.

அன்று பின்னேரம் முழுக்க அந்தக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். பார்வை நன்று, பார்வை நன்று. என் வடிவான கையெழுத்து. எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் வந்தது. இந்த நோய் கெதியாய் வளருகிறது, போன மாதம் இருந்திருக்காது என்று சொன்னால் ஆர் கேட்கப் போகிறார்கள்? தீவுச் சனம் டொக்டரை எதிர்த்துக் கதைக்காது.

அடுத்த நாள் காலை படகு ஓடியது. ரெஜினாவும் அந்தோனியும் பிள்ளையோடு வந்தார்கள். அலை தூக்கித் தூக்கிப் போட்டது. ஜெசிந்தா பயத்தில் பழைய புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திறக்காமலே, "தோணி, நண்டு, குதிரை" என்று சொல்லத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவர்கள், "ஆ, என்ன வடிவாய்க் கதைக்குது, கெட்டிக்காரி" என்றார்கள். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரை கிட்ட வரும்போது ரெஜினா என் காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"போன மாசமே உங்களிட்டச் சொல்லத்தான் வந்தனான் டொக்டர். இவள் தண்ணிக் கோப்பையைத் தடவித்தான் எடுக்கிறாள். வெளிச்சத்தில கண் ஒரு மாதிரி மின்னுது. சனம் வடிவான கண் எண்டு சொல்லுது, எனக்கெண்டால் பயமாய்க் கிடந்தது. ஆனா நீங்கள் எல்லாருக்கும் முன்னால கெட்டிக்காரி எண்டு சொல்லிப் போட்டியள். அதுக்குப் பிறகு நான் என்னெண்டு சொல்லுறது?"

அவள் குற்றம் சொல்லவில்லை. அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது. என் வாய் அந்தத் தாயின் வாயை அடைத்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் பரிசோதனைகள் முடிந்து கண் டொக்டர் சொன்னது நான் பயந்ததேதான். வலக்கண்ணை எடுக்க வேண்டும். இடக்கண்ணைக் கொழும்பில் சிகிச்சை செய்து காப்பாற்றிப் பார்க்கலாம். தாமதிக்கக் கூடாது. அந்தோனி எழும்பி வெளி விறாந்தைக்குப் போய்விட்டான். நான் பின்னால் போனேன்.

"கண்ணைத் தோண்ட விடமாட்டன்" என்றான். "பொம்பிளைப்பிள்ளை. ஓடித் திரியிற பிள்ளை. நோகுது எண்டு ஒருநாளும் அழுததில்லை. மாசா மாசம் நீங்கள்தானே பார்த்தனீங்கள்? நல்லாய் இருக்கு எண்டுதானே எழுதினனீங்கள்?"

"ஓம். அது பிழை. என்ர பிழை. அவள் சொன்னதைக் கேட்டனே தவிர, அவளின்ர கண்ணைப் பார்க்கேல்லை. என்னை ஏசும், அடிச்சாலும் பரவாயில்லை. பிள்ளையை மட்டும் கொழும்புக்குக் கொண்டு போம்."

அவன் என்னை நேராகப் பார்த்தான். "அப்ப அண்டைக்குச் சொன்னது பிழை. இண்டைக்குச் சொல்லுறது சரி எண்டு நான் என்னெண்டு நம்புறது?"

அவன் கேட்டது நியாயம். "நம்ப வேண்டாம். நீரே வந்து பாரும்" என்றேன்.

ஒரு அறையை இருட்டாக்கி, கருவியை அவன் கையில் கொடுத்தேன். கடல் தொழில் செய்கிற கை, அசையாமல் பிடித்தது. கண்ணோடு எப்படி வைக்கிறது, எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று காட்டினேன். முதலில் ரெஜினாவின் கண்ணைப் பார்க்கச் சொன்னேன். "சிவப்பாய்த் தெரியுது" என்றான். "ரெண்டும்?" "ஓம், ரெண்டும்." பிறகு பிள்ளை. இடக்கண்ணில் நேரம் எடுத்தான். வலக்கண்ணுக்கு வந்ததும் கருவியை இறக்கினான், துடைத்தான், திரும்ப வைத்துப் பார்த்தான். பிறகு அப்படியே நிலத்தில் குந்தி இருந்துவிட்டான். "ஐயோ, என்ர குஞ்சு" என்ற ஒரு சத்தம்தான் வந்தது.

"இடது பக்கம் சிவப்பு மிச்சம் இருக்கு, கண்டனீர்தானே? அதைக் காப்பாற்றத்தான் அவசரப்படுறம்."

அன்று பின்னேரமே சம்மதக் கையெழுத்துப் போட்டான். அடுத்த நாள் மூன்று பேரும் கொழும்புக்கு பஸ் ஏறினார்கள்.

பிறகு வந்த மாதங்களை நான் வாழ்ந்தேன் என்று சொல்ல ஏலாது. வலக்கண்ணை எடுத்தார்கள். இடக்கண்ணுக்கு மருந்து, லேசர், திரும்ப மருந்து. ஒருமுறை நல்லது என்பார்கள், அடுத்தமுறை புதிதாய் ஒரு புள்ளி தெரியுது என்பார்கள். நான் கிளினிக் போய்ப் புத்தகம் கொடுத்தால், பிள்ளைகள் பேர் சொல்லச் சொல்ல எனக்குப் பயம் கூடியது. யன்னலுக்கு வீட்டிலிருந்து கறுப்புச் சீலை கொண்டுபோய்க் கட்டி, எல்லாருடைய கண்ணையும் பார்த்தேன். படகு போய்விடும் என்று கத்தினால், போகட்டும் என்றேன்.

அதே திணைக்களக் கூட்டத்துக்கும் திரும்பப் போனேன். அந்த உத்தியோகத்தர் முன்னுக்கு இருந்தார். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன், கொப்பியில் எழுதியதையும் வாசித்தேன். இனி எல்லாத் தீவுக் கிளினிக்குக்கும் இருட்டறை வேண்டும், கொப்பியில் கண் பார்த்ததற்கு ஒரு தனிக் கோடு வேண்டும், தாய் பயமாய் இருக்கு என்று சொன்னால் அதை அவள் சொன்னபடியே எழுத ஒரு இடம் வேண்டும் என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த மனுசன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எத்தனை யன்னலுக்குத் திரை வேணும் டொக்டர்?" என்று மட்டும் கேட்டார்.

தம்பி, உம்முடைய ரப்பில் அந்த இடம் இருக்கோ? இல்லையென்றால் போட்டுத்தாரும் என்று கேளும். தராவிட்டால் சண்டை பிடியும்.

ஒரு வருசத்துக்குப் பிறகு, கொழும்பிலிருந்து இப்போதைக்குப் பயமில்லை என்று சொல்லி அனுப்பிய பிறகு, ஜெசிந்தா நெடுந்தீவுக் கிளினிக்குக்கு வந்தாள். வலப்பக்கம் செயற்கைக் கண். இடக்கண்ணுக்கு எவ்வளவு தெரியும் என்று ஒருவராலும் அறுதியாய்ச் சொல்ல முடியவில்லை. எங்கள் இரண்டு புத்தகமும் அவளுக்கு மனப்பாடம், அவற்றைக் கொடுத்து ஒன்றையும் அறிய ஏலாது. நான் முதல் நாளே அலுமாரியைக் கிளறி, உதவாது என்று கட்டிப் போட்ட வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றைப் பையில் வைத்துக் கொண்டு வந்திருந்தேன்.

அதை அவள் கையில் கொடுத்தேன். ஓரத்தைத் தடவினாள், திறந்தாள். தோணி என்று சொல்லிவிடாதே பிள்ளை, தயவு செய்து சொல்லிவிடாதே என்று மனதுக்குள் கும்பிட்டேன். ரெஜினாவும் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தைத் தூக்கி இடக்கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். இன்னும் கிட்ட. மூக்கு படத்தில் முட்டியது. தலையை ஒருபக்கம் சரித்து, அந்தப் பனிப் பொம்மையை மேலிருந்து கீழே வரை பார்த்தாள். பிறகு முகத்தைச் சுழித்துக்கொண்டு தாய்ப்பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இது என்ன?"